சமையலறைச் சன்னல்

அம்மாவுக்கு வணக்கம்.

இருமல் குறைந்ததா? வெந்நீரே குடி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனேன். நல்ல சாரல். ஒரு சிப்ஸ் கடையில், என்னைக் கண்டதும் ஒரு சிறுமி ஓடி ஒளிந்தாள். கடைக்காரியான அவள் அம்மா சிரித்தாள்.

"செல்விக்கு வாசிக்க வராதுல்லா, டீச்சர். நீங்க ஸ்கூலுக்கு வந்தா சத்துணவு சமையல் ரூம்ல போயி இருன்னு சொல்லிருவாவ."

அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆறு முறை போயிருக்கிறேன். ஆறு முறையும், 'எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்' என்று பாராட்டி எழுதியிருக்கிறேன். சமையலறைச் சன்னலில் ஏதோ அசைவதை நானும் பார்த்தேன், யாரென்று கேட்கவில்லை.

அலமாரியில் இருக்கும் என் எழுத்து அட்டைகளை அனுப்பு. பிள்ளைகளோடு தரையில் விரித்து உட்கார உன் பழைய போர்வையையும் சேர்த்து வை.

பஸ் வந்துவிட்டது. என் பொறுப்பில் பதினான்கு பள்ளிகள், அம்மா. பதினான்கிலும் சமையலறை இருக்கிறது.

உன் மகள்,
சுகந்தி