கவரில் எழுதாமல் விட்ட பெயர்

என் பிரியமான தேவா அண்ணா,

வருகிற ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. நீ போய் ஒரு வருஷம். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் கல்லறையில் தனியாக நின்று முணுமுணுத்துவிட்டு வரலாம். ஆனால் அதுவும் ஒரு தப்பித்தல்தான். அதனால் சபைப் பத்திரிகைக்கே இதைக் கொடுக்கிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் ஊர் விஷயம். சானமாவு காட்டிலிருந்து மறுபடியும் யானை இறங்கி, போன வாரத்தில் ரெண்டு நாள் கம்பெனி பஸ் தாமதம். பஸ்ஸில் எல்லோரும் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நீ இருந்திருந்தால், "யானையும் ரோட்டைத் தாண்டிருச்சு, நாமளும் முழுசா இருக்கோம், ஸ்தோத்திரம்" என்று சொல்லி எங்கள் எரிச்சலை இன்னும் கிளப்பியிருப்பாய். கேன்டீனில் லட்சுமம்மாதான் இன்னும் சாம்பார் ஊற்றுகிறார். "ஊட்டா சென்னாகித்து" என்று அவருடைய கன்னடத்திலேயே நீ சொல்வாயே, அதைச் சொல்ல இப்போது ஆளில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்ல எங்களுக்கெல்லாம் வாய் வலிக்கிறது.

உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! நான் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணுவேன். நீ ரெண்டே வரியில் முடித்துவிட்டு, பரிமாறினவரிடம் போய் நன்றி சொல்வாய். "ஆண்டவர்கிட்ட சொன்னா பத்தாதாண்ணா, லட்சுமம்மாவுக்கு வேற தனியாவா?" என்று கேட்பேன். "ஆண்டவரா வந்து சாம்பார் ஊத்துறாரு? அந்தம்மா கை வலிக்க ஊத்துது" என்பாய்.

போன வருஷப் பண்டிகை அன்று எனக்கு ரெண்டாம் ஷிஃப்ட் விழுந்தது. உனக்கு லீவு. ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். சபையார் கொண்டுவந்து வைக்கிற பூசணி, வாழைத்தார், நாட்டுக்கோழி எல்லாவற்றையும் ஏலம் விட என் தொண்டையை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வம். முதல் நாள் உனக்குப் போன் பண்ணினேன்.

"அண்ணா, நாளைக்கு என் ஷிஃப்டுக்கு நீ போறியா? ஏலம் இருக்குது."

"போடா, நீயும் உன் பூசணிக்காயும்" என்று சிரித்தாய். "சரி, போறேன்."

நான் "சரிண்ணா" என்று போனை வைத்துவிட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதானே, எதற்குச் சொல்வது என்ற நினைப்பு.

நீ விருந்துக்குக்கூட உட்காராமல் வண்டியை எடுத்தாய். பாகலூர் ரோட்டில் அந்த லாரி உன் வண்டி மேல் திரும்பிய நேரம் நான் மைக்கும் கையுமாக ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தரம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

செய்தி கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நல்லவேளை, நான் போகல. அழுகை அதற்கு அப்புறம்தான் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட.

உன் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் மாமனார் கேட்டார், "லீவு நாளாச்சே, எதுக்குக் கிளம்பினான்?" என்று. பக்கத்தில் ரூத் அண்ணி உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னேன், "கம்பெனியில ஆள் இல்லன்னு கூப்பிட்டாங்க போல." அண்ணி ஒரு தரம் என்னைப் பார்த்தார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதோடு விட்டேனா? ரெண்டு வாரம் கழித்துக் காணிக்கைக் கவரில், காரணம் எழுதும் இடத்தில், என் கையாலேயே எழுதினேன்: "பெரிய ஆபத்திலிருந்து என்னைக் காத்த கிருபைக்காக." ஆயர் எப்போதும்போலப் பெயரையும் காரணத்தையும் சத்தமாக வாசித்தார். வாசிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, பெண்கள் பக்கம் அண்ணி இருக்கிறார்கள் என்று. சபை முழுக்க ஆமென் சொன்னது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நன்றி பொய்யில்லை அண்ணா, அதுதான் என்னைக் குத்துகிறது. மெய்யாகவே சந்தோஷப்பட்டேன். நீ போனதற்காக இல்லை, நான் பிழைத்ததற்காக. ரெண்டையும் எப்படிப் பிரிப்பது? உனக்காவது தெரியுமா?

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு முன் ஜெபம் வரவில்லை. கண்ணை மூடுவேன், சோறு ஆறும், திறந்துவிடுவேன். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன், அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று.

போன சனிக்கிழமை மதியம் உன் வீட்டுக்குப் போனேன். அண்ணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். "அண்ணி, அன்னைக்கு அது என் ஷிஃப்ட். நான்தான் போகச் சொன்னேன். அன்னைக்கு உங்க முன்னாலயே பொய் சொன்னேன்."

கத்தியைக் கீழே வைத்தார்கள். "தெரியும் தம்பி. காலையில கோயிலுக்குக் கிளம்பும்போதே சொல்லிட்டாரு. 'ஸ்டீபன் மைக்கைப் பிடிச்சா சின்னப்புள்ளையாட்டம் ஆயிடுவான், அவன் ஏலம் விடட்டும்'னு."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா வந்து சொல்லணும்னு இருந்தேன்." ஒரு அவரைக்காயின் நாரை உரித்தார்கள். "உன் கவரை வாசிச்சாங்களே, அப்ப நானும் ஆமென்னு சொன்னேன். நாக்கு எழும்பல, ஆனா சொன்னேன். நீயாவது உசுரோட இருக்கியே. ஆனா ஒண்ணு தம்பி, அதுல அவரு பேரு வரும்னு காதைக் குடுத்துக் கேட்டுட்டே இருந்தேன்."

அண்ணி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தபிறகுதான் தோன்றியது, அதற்கும் நன்றி சொல்லவில்லை என்று. திரும்பிப் போய், "காபி நல்லா இருந்துச்சு அண்ணி" என்றேன். "இதுக்கா திரும்பி வந்தே?" என்று கேட்டார்கள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கான கவரை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். "நான் கேட்டுக்கொண்டதால் என் ஷிஃப்டுக்குக் கிளம்பி, வழியில் உயிர்விட்ட தேவா அண்ணனுக்காக." ஆயர் அதை வாசிக்கும்போது எழுந்து நிற்பேன். யார் என்ன நினைத்தாலும் சரி, அண்ணி இருக்கும் பக்கம் பார்த்து நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இந்த வருஷமும் பண்டிகை அன்று எனக்கு ரெண்டாம் ஷிஃப்ட்தான் அண்ணா. ஏலத்தை வேறு யாராவது விடட்டும். ஆராதனை முடிந்ததும் அதே பாகலூர் ரோட்டில், நானே போகிறேன்.

என் ஷிஃப்டுக்குப் போனதற்கு நன்றி அண்ணா.

உன் கூடப்பிறக்காத தம்பி,
ஸ்டீபன்