படையலுக்கு எடுத்த சேலை

என் பிரியமுள்ள சின்னாத்தா,

பிரியமுள்ள என்று நான் எழுதியதைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வரட்டும். இந்த வீட்டில் சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமா என்ன?

போன வருஷம் நீ செத்த துட்டி என்பதால் கோச்சடையில் நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டியே அடுப்பேறவில்லை. இந்த வருஷம் தீபாவளி உண்டு. தல்லாகுளத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேற்றே வந்துவிட்டேன். அய்யாவுக்குக் கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. யுத்தம் வந்ததிலிருந்து மத்தாப்பு குதிரைக் கொம்பாகிவிட்டது. பிள்ளைகள் ஓலைவெடியோடு சமாதானம் ஆகிவிட்டார்கள்.

என் ஆத்தா செத்து, நீ இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பால் பல் விழும் வயசு. நீ வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே அத்தை என் காதில் ஓதிவிட்டாள். அய்யாவின் அக்கா, அதுவும் பக்கத்து வீடு; கேட்கவா வேண்டும்?

"அவ கையால எதையும் வாங்கித் திங்காதடி. மருந்து வச்சிருவா. அப்பறம் நாய்க்குட்டி மாதிரி அவ பின்னாலயே திரிவ."

அந்த வருஷத் தீபாவளிக்கு விடியுமுன் என்னை எழுப்பி, மாடத்தில் விளக்கேற்றி, தலையில் நல்லெண்ணெய் வைத்தாய். சீயக்காய் கண்ணில் இறங்கியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு, எனக்கென்றே அரைத்தது என்று நினைத்து ஊரைக் கூட்டினேன். குளித்து முடித்ததும் கறுப்பாக ஓர் உருண்டை லேகியத்தை நீட்டினாய். நான் வாயை இறுக்கிக்கொண்டேன். நீ பாதியைக் கிள்ளி உன் வாயில் போட்டு மென்று காட்டினாய். மீதியை வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி, கொல்லையில் போய்த் துப்பினேன். அத்தையிடம் சொன்னபோது, "அதுக்கு முறிவு மருந்த முன்னாடியே தின்னுருப்பா" என்றாள். அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

இப்படியே வருஷா வருஷம் நடந்தது. நீ தின்று காட்டுவாய், நான் துப்புவேன். நீ கொடுத்த மத்தாப்பைக்கூட அத்தை மகன் முதலில் கொளுத்திப் பார்த்த பிறகுதான் தொடுவேன். தெரு முழுக்க அகல்விளக்கு, வைகைக் கரை வரைக்கும் வெடிச் சத்தம். நாம் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

ஆனால் லேகியத்தைவிடப் பெரிய சந்தேகம் சேலை மேல்தான். தீபாவளிக்கு முந்தின நாள் செத்துப்போன என் ஆத்தாவுக்குப் படைப்போமே, மணைப்பலகையில் புதுச்சேலை வைத்து. எப்போதும் அரக்குச் சிவப்பில் ஒரு சுங்குடி. ஆத்தாவுக்குப் பிடித்த நிறமாம். சூடம் அணைந்ததும் நீ அதை எடுத்துவைத்து மறுநாள் கட்டிக்கொள்வாய். படைத்த சேலையை வீட்டுப் பொம்பளை கட்ட வேண்டும் என்பது வழக்கம். அது தெரிந்தும் எனக்கு வயிறு எரியும். என் ஆத்தாவின் புருஷனை எடுத்துக்கொண்டாய், அடுப்படியை எடுத்துக்கொண்டாய், வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்கு வருகிற சேலையையும் விடமாட்டாயா?

நான் தாவணி போட்ட வருஷம், நீ குனிவதற்குள் பலகையிலிருந்து அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டேன். நினைவிருக்கிறதா?

"இது எங்க ஆத்தாவுக்கு எடுத்தது. ஒனக்கு எடுத்தத நீ கட்டு."

"சரித்தா, நீயே வச்சுக்க" என்றாய். அவ்வளவுதான். மறுநாள் வெளுத்துப்போன பழைய சேலையோடு வாசலில் விளக்கு வைத்தாய். தெருவே பார்த்தது.

"பாத்தியாடி நடிப்ப! எந்தம்பி மானத்த வாங்கணும்னே பழசச் சுத்திக்கிட்டு நிக்கிறா. புதுச எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருப்பா" என்றாள் அத்தை.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து உன் பெட்டியைத் துழாவினேன். புதுச்சேலை அகப்படவில்லை. உடனே, பிறந்த வீட்டுக்குக் கடத்திவிட்டாய் என்று முடிவு கட்டினேன். என் கல்யாணத்துக்குப் பிறகும் அந்த முடிவு மாறவில்லை.

போன வாரம் ஒரு நாள் இங்கே வந்து அய்யாவைக் கூட்டிக்கொண்டு தெற்குமாசி வீதிக்குச் சேலை எடுக்கப் போனேன். இப்போது துணிக்கும் கட்டுப்பாடு. கால் கடுக்க வரிசையில் நின்றால் ரேஷன் அட்டைக்கு ஒரு சேலை. என் வீட்டு அட்டையில் முன்னமே வாங்கியாயிற்று.

"ஆத்தாவுக்கும் வைக்கணும், சின்னாத்தாவுக்கும் வைக்கணும். ஒரு சேலைய வச்சுக்கிட்டு என்னய்யா செய்ய?" என்றேன்.

"ஒண்ணு போதும்த்தா. எப்பயும் ஒண்ணுதான எடுப்பேன்."

"அப்ப சின்னாத்தாவுக்கு?"

"படைச்சத அவ கட்டிக்கிருவாள்ல? தனியா எதுக்கு? அவதான் வேணாம்னுட்டா."

சின்னாத்தா, அந்த வரிசையில் நின்றபடியே உன் வெளுத்துப்போன பழைய சேலையை நினைத்தேன். நீ வேண்டாம் என்றாய் என்பதை நான் நம்பவில்லை. நீ கேட்டிருப்பாய், அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார். இல்லை, கேட்கவே இல்லையா? கேட்டால் செத்தவளோடு போட்டி போடுகிறாள் என்று நாங்கள் பேசுவோம் என்று பயந்தாயா? அன்றைக்கு, 'எனக்கு வேறு சேலை இல்லை' என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைக்காரர் என்ன நிறம் என்று கேட்டார். அய்யா வழக்கம்போல் அரக்கு என்றார். "இது சின்னாத்தாவுக்கு. அதுக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று கேட்டேன். அய்யா திருதிருவென்று விழித்தார். எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அத்தையைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் நீ என் ஆத்தாவின் நிறத்தையே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய். கடையில், பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டதால், பச்சையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அத்தை குதித்தாள். "மூத்தவ படையலுக்கு வாசல்ல வந்து ஏமாந்து நிப்பாடி!"

"நிக்கட்டும் அத்தை. எங்க ஆத்தாவுக்கு இம்புட்டு வருசமா எடுத்தாச்சு" என்றேன். அத்தை இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாளைக்கு உன் பேரைச் சொல்லிப் படைக்கப் போகிறேன். மறுநாள் அந்தப் பச்சைச் சேலையை நானே கட்டிக்கொள்வேன். நான் இருக்கிறவரை, தீபாவளிக்கு உனக்கென்று ஒரு சேலை உண்டு. நிறம் பிடிக்கவில்லையென்றால் கனவில் வந்து சொல். நீ சொன்னால் நம்புவேன்.

உன் மகள்,
பேச்சி