ரெட் நதிக் கரையில் விலையுயர்ந்த சிப்பாய்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

வெள்ளத்துக்காக எங்கள் பகுதிநேரப் படையை அழைத்திருக்கிறார்கள். நேற்று மணல்மூட்டை அடுக்கும்போது, அரசாங்கம் எங்களுக்குத் தரும் சம்பளமும் படிப்புச் செலவும் ஏறிக்கொண்டே போவதாக உள்ளூர் ரேடியோக்காரர் ஒலிபரப்பில் அங்கலாய்த்தார்.

"ஹால்வர்சன், நீ ரொம்ப காஸ்ட்லியாமே!" என்று சார்ஜென்ட் என்னைச் சீண்டினார்.

"அப்ப தண்ணியில இறக்காதீங்க சார்ஜென்ட், நனைஞ்சா அரசாங்கத்துக்குத்தான் நஷ்டம்!" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். அரசாங்கம் படிப்பு உதவியை வெட்டினாலும் நர்சிங் படிப்பை விடமாட்டேன். திங்கட்கிழமை பரீட்சையைக் கூடாரத்திலேயே எழுதுவேன். உடற்கூறு புத்தகமும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. லெஃப்சே ரொட்டியை உன் பழைய துண்டிலேயே சுற்றி அனுப்பு, துண்டைத் துவைக்காதே.

லாரி கிளம்புகிறது. அந்த ரேடியோ நிலையம் நாங்கள் அடுக்கிய மணல்மூட்டைக் கரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அங்கே இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

உன் மகள்,
சோல்வி