குனிந்து நின்ற மாமனார்

கஹவத்தை. செவ்வாய், இரவு.

நாளை மாமனாரின் திவசம். என் மனைவி சரோஜா ஆசையாகச் செய்வித்த அவருடைய வர்ணம் பூசிய சின்ன மார்பளவுச் சிலையை ரப்பர் மரக்கட்டையில் நான்தான் பொருத்தினேன். கடையில் நல்ல பசை இருந்தும், தோட்டத்து ரப்பர் பாலே போதும் என்று நினைத்தது என் கெட்டித்தனம். மாலைக்குள் சிலை முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"என்னங்க இது, அப்பா கும்பிடு போடுறாரு? அண்ணனுங்க பாத்தா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க!"

"வர்றவங்களுக்கு மரியாதை பண்றாரும்மா."

"யாரு, எங்கப்பாவா?"

கட்டையின் அடியில் துளை போட்டு, சைக்கிள் கம்பியைச் சிலையின் நெஞ்சுவரை செருகினேன். நிமிர்ந்துவிட்டார். பெண் கேட்டுப் போன அன்று என்னைப் பார்த்த அதே பார்வை. ஒரு நாளாவது என் முன்னால் பணிவாக நின்ற மனிதரை நானே கம்பி வைத்து நிமிர்த்தியிருக்கிறேன்.