பல் செட்டு எனக்கு, பேச்சு என்னோடு

எலப்புள்ளி

அன்பு மகன் அன்சாருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் நானும் அத்தாவும் நல்ல சுகம், ஷார்ஜாவில் நீயும் ஷம்னாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசும் வாசி.

பல் டாக்டர் டின்சியைப் போனில் கூப்பிட்டு, அம்மாவுக்கு வயசாச்சு, பிளாஸ்டிக் செட்டே போதும் என்று சொன்னாயாமே. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கும்போது அவள் சொல்லித்தான் அது எனக்கே தெரிந்தது. நம் கடைக்கு வருகிற வெங்காயத்தைக்கூட நான் பார்க்காமல் அத்தா இறக்கமாட்டார், என் வாய்க்குள் வைப்பதை நீ அங்கிருந்து முடிவு செய்கிறாயா? வந்த கோபத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பல்லு எனக்குத்தானுங்க டாக்டர், எங்கிட்டச் சொல்லுங்க என்றேன். பாவம், அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு விவரமாகச் சொன்னாள். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வைக்கிற டைட்டானியம் தட்டு மெல்லிசு, கனமே தெரியாது, அண்ணத்தை முழுக்க மூடாது. ஆனால் இன்னொரு பல் விழுந்தால் அதில் சேர்ப்பது கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை. சாப்பிட மட்டும்தானென்றால் பழைய செட்டே மதி, அதுவே போதும் அம்மா என்றாள். அங்கேதான் நீங்கள் இரண்டு பேரும் தப்புப் பண்ணினீர்கள்.

எனக்குப் பல் ஓதுவதற்கு. நம் தெருவில் எந்த வீட்டில் பெண்கள் கூடி நபி புகழ் ஓதும் மௌலூது என்றாலும் கிதாபைப் பிடித்து முதல் அடியை எடுத்துக் கொடுப்பது நான்தான். முன்பல் போய் அந்தத் தடித்த பிளாஸ்டிக்கைப் போட்டதிலிருந்து நாக்குக்கு இடமில்லை. போன வருஷம் ஸலவாத்து நடுவில் செட்டு நழுவி விசிலடித்தது, பிள்ளைகள் சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்தினார்கள், என் தங்கை, உன் சாச்சி ஷஹானா, என் கையிலிருந்து கிதாபை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு நெய்ச்சோற்றைத் தொடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கிதாபை நான் திரும்ப வாங்காமல் விடமாட்டேன்.

நேற்று நான் கேட்டபடி புதுத் தட்டில் மெழுகு வைத்துப் பல்லைப் பதித்துப் போட்டுப் பார்த்தார்கள். ஏதாவது பேசுங்கள் என்றாள், நான் ஸலவாத்தையே ஓதினேன். ஓரெழுத்து நழுவவில்லை. உன்னைக் கேட்க டின்சி போனைத் தொடவில்லை, முடித்துவிடட்டுமா அம்மா என்று என்னைத்தான் கேட்டாள். முடிங்க என்றேன்.

ஷம்னாவுக்குக் கடைவாய்ப் பல் வலி என்றாயே, கூட்டிக்கொண்டு போ, டாக்டரிடம் அவளைப் பேச விடு. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத்தும் உடம்புக்குச் சுகமும் தருவானாக. மௌலூது அன்றைக்கு மறக்காமல் வீடியோவில் வா. ஒன்றும் பேசவேண்டாம், கிதாபு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்.

இப்படிக்கு,
சொன்னதை விடாத உன் அம்மா
சௌதா