அருவித் தண்ணீர் ஊற்றிய தொட்டி

அத்தை, இன்று காலை மீன் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி வழியே சுவரில் ஓர் ஆணித் துளை தெரிந்தது. அப்படியொரு துளை அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக அந்த இடத்தில் பச்சைதான் இருந்தது. நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒம்பதாம் கிளாஸோட நின்ன புள்ளைக்கு வேற என்ன தெரியும்" என்று அம்மாவிடம் சொல்லித்தான் குற்றாலத்தில் உங்கள் லாட்ஜுக்கு என்னைக் கூட்டி வந்தீர்கள். ரிசப்ஷனில் இருந்த கடல் மீன் தொட்டியை என் தலையில் கட்டினீர்கள். பழைய பல் பிரஷ்ஷால் கல் கல்லாகத் தேய்ப்பேன். விரல் இடுக்கெல்லாம் உப்பு எரியும். நாலாம் நாள் பாறையில் மறுபடி பச்சை மயிர் போலப் பாசி தொங்கும். சாவி வாங்க வருகிறவர்கள் முன்னால் சொல்வீர்கள்: "இவ கை பட்டா உப்புத் தண்ணியிலயும் பாசி மொளைக்கும்." அவர்கள் சிரிப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன்.

பாசி என் கையிலிருந்து வரவில்லை அத்தை. உங்கள் கேனிலிருந்து வந்தது. வெள்ளிதோறும் ஐந்தருவியில், ஆட்கள் குளிக்கிற இடத்துக்குக் கீழே, கேனில் தண்ணீர் பிடித்து வந்து தொட்டியில் வற்றிய அளவுக்கு ஊற்றுவீர்கள். ஃபில்டர் தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று தொட்டி வைத்துக் கொடுத்த ஆள் சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை அதை ஞாபகப்படுத்தினேன். "மூலிகைத் தண்ணிட்டி இது. மனுசன் சீக்கே போவுது, மீனுக்கு ஆவாதாக்கும்?" என்றீர்கள். மட்கிய இலையும் சோப்பும் எண்ணெயும் கலந்த தண்ணீர் அது. பாசிக்கு விருந்து.

வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் இரண்டு பாட்டில் எடுத்தேன். ஒன்றில் அருவித் தண்ணீர், ஒன்றில் ஃபில்டர் தண்ணீர். ஜன்னலில் வெயில் படும்படி வைத்தேன். பத்து நாளில் அருவி பாட்டில் மட்டும் பச்சையானது. இரண்டையும் உங்கள் மேஜையில் வைத்தேன். "ஏட்டி, கலர் சோடாக் கடை போடுதியா?" என்று குப்பையில் எறிந்தீர்கள்.

அந்த வாரமே ஆரஞ்சு மீன் ஒன்று செத்தது. "இன்னொண்ணும் செத்துது, ஒன்னைய பாவூர்சத்திரம் சந்தையில வெங்காயம் பொறுக்க அனுப்பிருவேன்" என்றீர்கள். உங்கள் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷி என்றார்கள். நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் படுத்த நாளிலிருந்து கேன் காய்ந்து கிடந்தது; வற்றிய அளவுக்கு நான் ஃபில்டர் தண்ணீரே ஊற்றினேன். கண்ணாடி தெளிந்தது. ஆனாலும் ரிசப்ஷனில் யார் சிரித்தாலும் என் கையைத் தாவணிக்குள் மறைக்கிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.

மத்தியானம் மாமா அந்தக் கேனை நிரப்பித் தூக்கி வந்தார். "ஒங்க அத்தை செஞ்சது நின்னுரக் கூடாதுல்லா" என்று தொட்டி மூடியைத் திறந்தார். சாவிக்காக ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது.

"ஊத்தாதீங்க மாமா. பாசி இந்தத் தண்ணியாலதான் வந்துச்சு."

"அப்போ ஒங்க அத்தைக்கு ஒண்ணும் தெரியாதாக்கும்?"

"தெரியாது" என்றேன்.

கேனை அவர் கையிலிருந்து வாங்கிப் போய் வாசல் ஓடையில் கவிழ்த்தேன்.