கரடிக்கு மயிர் சீவிய நாள்

மட்டிக்களி,
திருகோணமலை.
11.08.1991

அன்புள்ள மகன் குலசிங்கத்துக்கு,

நாங்கள் இருவரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் அப்படியே இருக்கப் பத்திரகாளி அம்மன் துணை நிற்கட்டும். பக்கத்து வீட்டு றுக்கியாவின் புருஷன் லாபிர் இன்று பின்னேரம் லொறியில் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார், பிரித்துப் பார்ப்பார்கள் என்று இங்கே தபாலில் போட மனமில்லாமல் அவரிடம் கொடுத்துவிடப் போகிறேன், எழுத்து கோணினால் குறை நினையாதே.

நீ விட்டுவிட்டுப் போன கரடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் அல்சேஷன் நல்ல சுகம். கச்சான் காற்று வெக்கையோடு தொடங்கியதும் மயிர் கொட்டத் தொடங்கிவிட்டது, மேல்மயிர் அல்ல ராசா, உள்ளே பஞ்சுபோல் இருக்கிற அடிமயிர், அது வெளியே வராமல் திரண்டுபோய் நாய் மூச்சு வாங்கிக்கொண்டு கிணற்றடி ஈரத்திலேயே கிடந்தது. அப்பா ஒட்ட வெட்டிவிடுவோம் என்று கத்தரிக்கோலோடு வந்தார். போன வருஷம் அப்படி வெட்டி முதுகுத்தோல் வெயிலில் வெந்து புண்ணானதை மறந்துவிட்டார், நான் விடவில்லை. வெயிலுக்கு அதைக் காப்பதே மேல்மயிர்தான். சீவித்தான் எடுக்க வேண்டும், அதுவும் குளிப்பாட்ட முதல், நனைந்தால் சடை இறுகிச் சீப்பு இறங்காது. மயிரை வகிர்ந்து பிடித்து, தோலை இழுக்காமல், பின்னங்காலில் தொடங்கி முன்னுக்கு வர வேண்டும், காதுக்குப் பின்னால் பேன்சீப்பு. பறக்கிற மயிர் றுக்கியா வீட்டுக் கொடியில் காய்கிற தொழுகை உடுப்பில் ஒட்டக் கூடாது என்று வந்ததையெல்லாம் ஈரச் சாக்குக்குள் அமுக்கிவிடுவேன். இரு, வாசல் படலைச் சத்தம், பார்த்துவிட்டு வருகிறேன். காற்றுத்தான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பக்கம் முடிந்து மற்றப் பக்கம் திருப்பும்போது ஆமியின் சுற்றிவளைப்பு. கரடிக்குச் சப்பாத்துச் சத்தம் ஆகாது, உனக்குத் தெரியும், முன் ஒழுங்கையில் குரைத்த நாயை அவர்கள் சுட்டது போன மாதம்தான். ஆமிக்காரர் குசினி அடுப்படி வழியாகக் கிணற்றடிக்கே வந்துவிட்டார்கள், கட்ட நேரமில்லை, அதன் தலையை மடியில் அமுக்கிக்கொண்டு சீவினேன். உறுமியது, அதன் நெஞ்சு அதிர்ந்தது என் முழங்காலில் தெரிந்தது, நான் சீவினேன். ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு நாய் கடிக்குமா என்று தமிழில் கேட்டான். சீவேக்க கடிக்காது மாத்தயா என்றேன், வேறு என்ன சொல்ல. அலுமாரியைக் கொட்டிப் பார்த்தார்கள், போகும்போது அப்பாவை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், சேட்டுப் போடவும் விடவில்லை. பின்னால் ஓட எழும்பினேன், கையை விட்டால் நாய் பாய்ந்துவிடும், கட்டிவிட்டு ஓடினாலும் ஒழுங்கையில் நிற்கிறவன் விடமாட்டான். திரும்பக் குந்திக்கொண்டேன். நாய்க்குக் கிட்டவே வராத றுக்கியா வேலியடிக்கு வந்து, நான் இஞ்சதான் நிக்கிறன் குணேசக்கா, நீங்க சீவுங்க, கையை நிப்பாட்டாதீங்க என்றாள், சமைக்கவும் போகாமல் நின்றாள். சீவிய இடத்தையே திரும்பத் திரும்பச் சீவினேன், கடைசியில் வெறும் சீப்புத்தான் வந்தது.

பொழுது சாய அப்பா வந்தார். நடந்துதான் வந்தார். ஆட்களைக் காட்டிக்கொடுக்க அங்கே நிறுத்தியிருந்த முகமூடி போட்டவன் தன்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை என்று மட்டும் சொன்னார். சாப்பாடு வேண்டாம், கதிரையில் இருந்து வாசலையே பார்ப்பார், படலை ஆடினால் எழும்புவார், அவர் எழும்ப நானும் எழும்புவேன். வெள்ளிக்கிழமை கரடியைக் குளிப்பாட்டிவிட்டு, அடியில் ஈரம் நின்றால் தோல் புண்ணாகும் என்று துவாயால் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, இந்தத் தொடையில சடை கிடக்கு, உமக்குக் கண் தெரியேல்லையே என்று சீப்பை வாங்கினார். அன்று தொட்டு அவர்தான் சீவுகிறார், காலையும் பின்னேரமும். இனி எடுக்க மயிர் இல்லை என்று நான் சொல்லவில்லை.

எங்களைக் கொழும்புக்கு வரச்சொல்லி எழுதியிருந்தாய். இப்போது ஏலாது ராசா. அப்பா படலையைத் தாண்டுவதில்லை, ஒருநாள் தானாகச் சந்திவரைக்கும் போய் வரட்டும், பிறகு யோசிப்போம். நீ இரவு வேலை என்று பட்டினி கிடக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நிற்கும் இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் வாய்க்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. ஒன்று மறக்காதே, அப்பாவுக்கு எழுதும்போது மைதானத்தைப் பற்றிக் கேட்டுவிடாதே. கரடியின் மயிர் எப்படி இருக்கிறது என்று கேள். அதற்கு மறுமொழி எழுதுவார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
சி. குணேஸ்வரி